மீண்டும் கூடும் எடையும் மறு அறுவைச் சிகிச்சையும்

உடற்பருமனைக் குறைப்பதற்காக இரைப்பையிலோ குடலிலோ அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள் இன்று நம் நாட்டின் பெருநகரங்களில் மட்டுமன்றிச் சிறு நகரங்களிலும் காணப்படுகின்றனர். அவர்களுள் பெரும்பாலோர் முதல் ஓரிரண்டு ஆண்டுகளில் பெரிதும் மெலிகின்றனர். பின்னர் எடை சிறிது சிறிதாக ஏறத் தொடங்குகிறது. பலருக்கு அவ்வேற்றம் சில கிலோகிராம்களோடு நின்றுவிடும். சிலருக்கோ இழந்த எடையில் பெரும்பகுதி திரும்பிவிடும். இவர்கள், இன்னொரு முறை அறுவை செய்துகொண்டால் என்ன என்று வினவுதல் இயல்பே. இவ்வினாவுக்குரிய விடை, எடை எவ்வளவு கூடியது என்பதைக் காட்டிலும் எதனால் கூடியது என்பதையே பெரிதும் சார்ந்துள்ளது. காரணம் காணாமல் செய்யப்படும் இரண்டாம் அறுவை, முதலாவதைவிட மிகுந்த இடரும் குறைந்த பயனும் உடையதாக முடியக்கூடும்.

இச்சிகிச்சையின் வகைகளை முதலில் அறிந்துகொள்ளுதல் நலம். இப்பொழுது உலகில் மிகுதியாகச் செய்யப்படுவது, இரைப்பையை நீளவாக்கில் வெட்டி, அதில் முக்கால் பங்கையோ அதற்குச் சற்று மேலோ நீக்கிவிட்டு, எஞ்சியதை ஒரு குழலாக அமைப்பதாகும். இதனைக் குழல் இரைப்பை முறை என இக்கட்டுரையில் குறிப்பிடுவோம். இரண்டாவது, இரைப்பையின் மேற்பகுதியில் ஏறத்தாழ 30 மில்லிலிட்டர் கொள்ளும் சிறு பையைப் பிரித்து, சிறுகுடலின் தொடக்கப் பகுதியைத் தவிர்த்து அதற்கப்பாலுள்ள பகுதியுடன் அப்பையை இணைக்கும் பைபாஸ் முறையாகும். மூன்றாவது, இரைப்பையின் மேற்பகுதியைச் சுற்றிச் சிலிக்கோன் வளையம் பொருத்துவது. ஒரு காலத்தில் இது பெரிதும் வழக்கிலிருந்தது, இன்று அருகிவிட்டது.

மறு அறுவை என்பது புதிய எண்ணமன்று. 1950-களில் அமெரிக்காவில் சிறுகுடலின் பெரும்பகுதியை உணவின் வழியிலிருந்து விலக்கிவிடும் சிகிச்சை தோன்றியது. எடை குறைந்தது உண்மையே. ஆனால் ஈரல் கேடும் சிறுநீரகக் கற்களும் தோன்றவே, அம்முறை நாளடைவில் கைவிடப்பட்டது. அதைச் செய்துகொண்டோர் பலருக்கு வயிற்றைத் திறந்து குடலை மீண்டும் பழைய நிலையில் இணைக்க நேர்ந்தது. இரைப்பைப் புண்ணுக்காக இரைப்பையின் ஒரு பகுதியை இழந்தவர்கள் எளிதில் பருப்பதில்லை என்பதைக் கவனித்த எட்வர்டு மேசன், அயோவா பல்கலைக் கழகத்தில் இட்டோ என்பவருடன் சேர்ந்து 1966-இல் இரைப்பை பைபாஸ் முறையைத் தொடங்கினார். அதற்குப்பின் தோன்றிய ஒவ்வொரு முறைக்கும், அது தவறினால் அதனை மாற்றியமைக்கும் ஒரு மறு முறையும் உடன் வளர்ந்தே வந்துள்ளது.

இனி, எடை சற்றுத் திரும்புவதைத் தோல்வி எனலாமா என்பதைக் காண்போம். சுவீடன் நாட்டில் 1987-இல் தொடங்கிய ஓர் ஆராய்ச்சி இதற்குத் தெளிவான விடை தருகிறது. பைபாஸ் செய்துகொண்டவர்கள் முதல் ஓரிரண்டு ஆண்டுகளில் தம் எடையில் சராசரி 32 சதவிகிதம் குறைந்தனர். பத்து ஆண்டுகளுக்குப்பின் அக்குறைவு 25 சதவிகிதமாக நிலைத்தது. வளையம் பொருத்திக்கொண்டவர்களுக்கு 20 சதவிகிதம் 14 ஆயிற்று. அறுவை செய்துகொள்ளாத ஒப்பீட்டுப் பிரிவினரின் சராசரி எடையோ இரண்டு சதவிகிதத்துக்குமேல் மாறவே இல்லை. அறுவை செய்துகொண்டோரிடையே மரணமும் ஒப்பீட்டுப் பிரிவினரைவிடக் குறைவாகவே இருந்தது. ஆகவே ஓரளவு எடை மீள்வது இச்சிகிச்சையின் இயற்கைப் போக்கேயாகும்; அதனைத் தோல்வி எனக் கூறுதல் பொருந்தாது.

எந்த அளவுக்கு மேற்பட்டால் கவலைப்பட வேண்டும்? இதில் அளவுகோலே குழப்பத்திற்கு இடமளிக்கிறது. 120 கிலோகிராம் எடையுள்ள ஒருவர் அறுவைக்குப்பின் 80-க்கு இறங்கி, ஐந்தாண்டுகளில் 92-க்கு ஏறினார் எனக் கொள்வோம். கூடியது 12 கிலோகிராம். இதனைத் தொடக்க எடையோடு ஒப்பிட்டால் 10 சதவிகிதம். மிகக் குறைந்த எடையோடு ஒப்பிட்டால் 15. இழந்த 40 கிலோகிராமோடு ஒப்பிட்டால் 30. ஒரே மனிதர், ஒரே எடை, எண்களோ மூன்று. (சதவிகிதக் கணக்கு கற்பிக்கும் ஆசிரியர்கள் இவ்வெடுத்துக்காட்டை வகுப்பிலும் கையாளலாம்.) விளம்பரத் தாள்களில் "30 சதவிகிதம் மீண்டுவிட்டது" என்று காணும் ஒருவர் மனங்கலங்குவார். அவர் இன்னும் தம் தொடக்க எடையைவிட 28 கிலோகிராம், அதாவது 23 சதவிகிதத்துக்குச் சற்று மேல், குறைவாகவே இருக்கிறார் என்பது அவருக்கு எடுத்துக்காட்டப்பட வேண்டும். நீரிழிவோ, இரத்த அழுத்தமோ, உறக்கத்தில் மூச்சடைப்போ திரும்பியுள்ளதா என்பது, தராசு காட்டும் எண்ணைவிட முக்கியமானது.

எடை மீள்வதற்குரிய காரணங்களுள் முதலாவது உடலின் தற்காப்பு இயல்பாகும். 1944, 1945 ஆண்டுகளில் ஆன்செல் கீஸ் மினசோட்டாவில் 36 இளைஞர்களுக்கு அரைவயிற்று உணவளித்து ஆறு மாதம் ஆராய்ந்தார். எடை குறைந்ததோடு அவர்கள் உடல் செலவிடும் சக்தியும் குறைந்தது. நாள் முழுதும் உணவே நினைவாயிற்று. உணவு திரும்பக் கிடைத்தபோது அளவின்றி உண்டனர். 1999-இல் ஜப்பானிய விஞ்ஞானிகள் கோஜிமா, காங்காவா ஆகியோர் கண்டறிந்த கிரெலின் என்னும் ஹார்மோன் பசியைத் தூண்டுவது. பெரும்பாலும் இரைப்பையின் மேற்கூரைப் பகுதியில் சுரப்பது. பட்டினியால் மெலிந்தவரிடம் இது மிகுகிறது. குழல் இரைப்பை முறையில் அப்பகுதியே நீக்கப்படுவதால் பசி அடங்குகிறது. பைபாஸ் முறையில் உணவு குடலின் கீழ்ப்பகுதியை விரைந்து அடைவதால் நிறைவுணர்ச்சி தரும் வேறு ஹார்மோன்கள் பெருகுகின்றன. ஆயினும் உடல் இழந்த எடையை மீட்க முயல்வதை முற்றும் விடுவதில்லை. எடை மீண்டவரைக் கட்டுப்பாடற்றவர் என்று இகழ்வது, இவ்வுடலியல் உண்மையை அறியாமையேயாகும். இகழ்ச்சிக்கு அஞ்சியே பலர் மருத்துவமனைக்குச் செல்வதை நிறுத்திவிடுகின்றனர். அதன் கேடு பின்னர் விளக்கப்படும்.

அடுத்த காரணம் உறுப்பின் அமைப்பில் நேரும் மாறுதல். குழல் விரிவடையலாம், முதல் அறுவையில் இரைப்பையின் மேற்கூரை முழுதும் நீக்கப்படாமல் எஞ்சியிருக்கலாம். பைபாஸில் சிறு பைக்கும் குடலுக்கும் இடையிலுள்ள வாய் அகன்று, உணவு தங்காமல் இறங்கிவிடலாம். அரிதாக, பிரிக்கப்பட்ட இரு பகுதிகளும் ஒரு துளையால் மீண்டும் இணைந்துவிடும். வளையம் நழுவுதலும் உண்டு. இவற்றைப் பேரியம் கரைசல் அருந்தச் செய்து எடுக்கும் எக்ஸ்ரே படத்தாலும், எண்டோஸ்கோப் கருவியால் உள்ளே நோக்குவதாலும் அறியலாம். மறு அறுவைக்குத் தக்க இலக்கு கிடைப்பது இத்தகையோரிடத்தேதான்.

மூன்றாவது, உணவும் மருந்தும். சிறுத்த இரைப்பை சோற்றையும் சப்பாத்தியையும் தடுக்கும். சர்க்கரையிட்ட தேநீரையும், பழச்சாற்றையும், உருகும் இனிப்பையும், மென்று கரைத்த பிஸ்கோத்தையும் தடுக்காது. நாளொன்றுக்கு ஐந்தாறு முறை இனிப்புத் தேநீர் அருந்துபவர், "நான் ஒருவேளைச் சோறுகூட முழுதாக உண்பதில்லை" என்று உண்மையாகவே கூறுவார். இன்சுலினும் சில நீரிழிவு மாத்திரைகளும், பிரெட்னிசொலோன் போன்ற ஸ்டீராய்டுகளும், மனநோய்க்குரிய ஒலான்சபின், வலிப்புக்குரிய வால்புரோயேட் ஆகியனவும் எடையைக் கூட்டவல்லவை. மூட்டுவலிக்கென விற்கப்படும் பெயரற்ற பொடிகள் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருந்தமை ஆய்வில் வெளிப்பட்டதுண்டு. தைராய்டுக் குறைவு, மகப்பேறு, உறக்கக் கேடு, மனச்சோர்வு, மதுப் பழக்கம் ஆகியவற்றையும் விசாரித்தறிய வேண்டும். பைபாஸ் செய்துகொண்டவரிடம் மது மிக விரைவாக இரத்தத்தில் கலப்பதால் அப்பழக்கம் வேரூன்றும் அபாயம் மிகுதி.

இவ்விசாரணையெல்லாம் முடிந்தபின் மறு அறுவை தகும் எனத் தோன்றினால், அது முதல் அறுவையின் வகைக்கேற்ப அமையும். வளையத்தை நீக்கிக் குழலாகவோ பைபாஸாகவோ மாற்றுவர். குழலைப் பைபாஸாக மாற்றுதல் இன்று பெருவழக்கு. இம்மாற்றம், அமிலம் மேலெழுந்து நெஞ்செரிச்சலால் துன்புறுவோருக்கு நற்பயன் தருகிறது. எடைக்காக மட்டும் செய்யப்படுமாயின், பயன் முதல் அறுவையினும் குறைவாகவே இருப்பது வழக்கம். பைபாஸ் செய்துகொண்டவருக்கு அகன்ற வாயைச் சுருக்கலாம். இதனை வயிற்றைத் திறவாமல் எண்டோஸ்கோப் வழியே தையலிட்டும் செய்கின்றனர். இனி ஒரு வழி, குடலின் விலக்கப்பட்ட பகுதியை இன்னும் நீட்டுவதாகும். எல்லா மறு அறுவைகளுக்கும் பொதுவான இடர் ஒன்றுண்டு. முதல் அறுவையின் வடுக்களால் உறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். இரத்த ஓட்டமும் முன்போல் இராது. ஆகையால் தையலில் கசிவு, இரத்தப்போக்கு, தொற்று ஆகியவை முதன்முறையைவிட மிகுதியாக நேரக்கூடும்.

குடலின் விலக்கப்பட்ட பகுதியை நீட்டும் முறை எடையைக் குறைப்பதில் வல்லது; ஆனால் நம் நாட்டின் நிலைமையில் மிக்க எச்சரிக்கைக்குரியது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் 57 சதவிகிதத்தினர் இரத்தசோகை உடையவர். அதே ஆய்வில் அதே வயதுப் பெண்களில் 24 சதவிகிதத்தினர் மிகை எடையுடையவராகவும் காணப்பட்டனர். பருத்த உடல் போஷாக்கு நிறைந்த உடலாக இருக்கவேண்டும் என்பதில்லை. இரும்பும் கால்சியமும் பெரிதும் உறிஞ்சப்படுவது சிறுகுடலின் தொடக்கப் பகுதியிலேயாகும். பைபாஸ் அப்பகுதியையே விலக்குகிறது. வைட்டமின் பி-12 உடலில் சேர்வதற்கு இரைப்பையின் சுரப்பு வேண்டும். மரக்கறி உணவே உண்போரிடம் இவ்வைட்டமினும் புரதமும் முன்னரே குறைந்திருத்தல் பெரும்பான்மை. இத்தகையவருக்குக் குடலை மேலும் விலக்கினால், எடையோடு தசையும் கரையும். காலில் வீக்கம் தோன்றும். சிலருக்கு மூன்றாம் முறையாக வயிற்றைத் திறந்து குடலைத் திரும்ப இணைக்கவும் நேரிடும்.

அண்மைக் காலத்தில் மருந்துகள் இத்துறையின் போக்கை மாற்றியுள்ளன. குடலில் சுரக்கும் நிறைவுணர்ச்சி ஹார்மோனை ஒத்த ஊசிமருந்துகளே இவை. லண்டனில் நடந்து 2023-இல் வெளியான ஓர் ஆய்வில், அறுவைக்குப்பின் எடை போதிய அளவு குறையாத 70 பேர் பங்குகொண்டனர். லிராகுளூட்டைடு பெற்றவர்கள் 24 வாரங்களில் சராசரி 9 சதவிகிதத்தை ஒட்டி இளைத்தனர். வெற்று ஊசி பெற்றவர்கள் அரை சதவிகிதமே இளைத்தனர். இவ்வினத்தைச் சேர்ந்த டிர்செபடைடு, எடைக்குறைப்புக்கான செமாகுளூட்டைடு ஆகியன 2025-இல் இந்தியச் சந்தைக்கு வந்தன. மருந்தை நிறுத்தினால் எடை திரும்புவது இவற்றின் குறை. நெடுநாட் செலவும் சிறிதன்று. எனினும் உறுப்பமைப்பில் பழுது காணப்படாதவருக்கு, கத்தியை எடுக்குமுன் இவற்றை ஆராய்ந்து பார்ப்பதே முறையெனத் தோன்றுகிறது.

களப்பணியாளர்கள் இவ்விஷயத்தில் செய்யக்கூடியது யாது? இன்னாருக்கு மறு அறுவை வேண்டும் அல்லது வேண்டா என்று தீர்ப்பது அவர்கள் பணியன்று. ஆனால் முதலில் எந்த அறுவை செய்யப்பட்டது என்பதே பலருக்குத் தெரியாது. "வயிற்றைச் சுருக்கினார்கள்" என்று மட்டும் கூறுவர். அறுவைக் குறிப்பின் பிரதியைத் தேடியெடுத்துப் பாதுகாக்கும்படி சொல்லுதல் பேருதவியாகும். அதுவின்றி எந்த அறுவை மருத்துவரும் மறு அறுவையைத் திட்டமிட இயலாது. அக்குறிப்பு வேறு வகையிலும் பயன்படும். கர்ப்பகால நீரிழிவைக் கண்டறிய எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் 75 கிராம் குளுக்கோஸ் கரைசல் அளிப்பது தேசிய நெறிமுறை. பைபாஸ் செய்துகொண்டவர் அதனை அருந்தினால் படபடப்பும் வியர்வையும் வயிற்றுப்போக்கும், சற்றுப்பின் சர்க்கரைத் தாழ்வும் உண்டாகலாம். அவருக்கு வேறு வழியில் சோதனை செய்யும்படி டாக்டரிடம் அனுப்புதல் வேண்டும். டைக்குளோபினாக் போன்ற வலி மாத்திரைகளையும் அவருக்கு வழங்கலாகாது. இணைப்பிடத்தில் புண் தோன்றும்.

எடை கூடிய வெட்கத்தால் சிகிச்சைத் தொடர்பை விட்டவர்கள், இரும்பு, பி-12, கால்சியம், வைட்டமின் டி மாத்திரைகளையும் உடன் விட்டிருப்பர். எடை ஏறிக்கொண்டிருக்கும்போதே இரத்தசோகையும் கைகால் மரத்தலும் முற்றிவருதல் கூடும். ஆகவே எடையைக் கேட்குமுன் மாத்திரைகளைக் கேட்பது நன்று. மறு அறுவை செய்துகொண்டவரைச் சந்திக்குங்கால் வாந்தி உண்டா என்று தவறாது கேட்க வேண்டும். சில வாரங்கள் தொடர்ந்த வாந்தி தயாமின் என்னும் பி-1 வைட்டமினை உடலிலிருந்து வற்றச் செய்யும். நடையில் தள்ளாட்டம், இரட்டைப் பார்வை, மனக்குழப்பம் ஆகியவை தென்பட்டால் அன்றே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். அனுப்பும் சீட்டில் அறுவையின் பெயரையும் தேதியையும் எழுதி, குளுக்கோஸ் ஏற்றுமுன் தயாமின் தரப்பட வேண்டியவர் என்பதையும் குறித்தனுப்புக.