உடையாமல் ஊர் போய்ச் சேர...

வீடு மாற்றும்போது நாம் அதிகமாக அஞ்சுவது எதற்கு? லாரி வாடகைக்கா? இல்லை. பல ஆண்டுகளாகச் சிறுகச் சிறுகச் சேர்த்த சாமான்கள் உடையாமல் போய்ச் சேரவேண்டுமே என்றுதான். வாடகையை எப்படியாவது ஈடுகட்டிவிடலாம். பாட்டி காலத்து ஊறுகாய் ஜாடி உடைந்தால் அதுபோல் இன்னொன்று கிடைக்குமா?

‘எல்லாம் அதிர்ஷ்டம்’ என்பார்கள் சிலர். ஆனால் அதிர்ஷ்டத்துக்கு இதில் அதிக இடமில்லை. ஒரு பொருள் ஏன் உடைகிறது, ஏன் உடையாமல் தப்புகிறது என்பதற்கு இயற்பியலில் தெளிவான விடை உண்டு. அதை அறிந்துகொண்டால் வீட்டிலுள்ள பழைய துணியும் செய்தித்தாளுமே நமக்குப் போதும்.

விழுவதால் உடைவதில்லை!

ஒரு மீட்டர் உயரத்திலிருந்து ஒரு பீங்கான் தட்டு விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். தரையைத் தொடும்போது அதன் வேகம் மணிக்குச் சுமார் 16 கிலோமீட்டர். விழுந்துகொண்டிருக்கும் வரை தட்டுக்கு ஒரு கேடும் இல்லை. அது நிற்கும் கணத்தில்தான் உடைகிறது.

சிமெண்டுத் தரை சற்றும் அமுங்கிக் கொடுக்காது. தட்டு ஒரு மில்லிமீட்டர் தூரத்துக்குள் நின்றுவிடுவதாகக் கொள்வோம். ஒரு மீட்டர் விழுந்து பெற்ற வேகத்தை, அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு தூரத்துக்குள் இழக்கவேண்டும். ஆகவே தட்டின் மீது செயல்படும் சராசரி விசை, அதன் எடையைப் போல் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு ஆகிறது. 400 கிராம் தட்டின் மீது 400 கிலோ பாரம் ஏறியதற்கு ஒப்பு!

அதே தட்டு மடித்த கம்பளியின் மேல் விழுந்து, கம்பளி 2.5 சென்டிமீட்டர் அமுங்கிக் கொடுத்தால்? இப்போது விசை சுமார் 40 மடங்குதான். அதாவது 16 கிலோ பாரம். தட்டு அதேதான், உயரமும் வேகமும் அவையேதான். நிற்பதற்குக் கிடைத்த தூரம்தான் வேறு. கிரிக்கெட் பந்தைப் பிடிப்பவர் கைகளைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வதற்குக் காரணமும் இதுவே எனப் பாடநூலில் படித்திருப்பீர்கள்.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். நண்பர்கள் இருவரை ஒரு போர்வையின் நான்கு முனைகளையும் பிடித்துத் திரைபோல் தொங்கவிடச் சொல்லுங்கள். அடிப்புறத்தை மேல்நோக்கிச் சற்று மடித்துத் தொட்டில் போலாக்கட்டும். ஒரு முட்டையைப் போர்வையின் நடுவே வேகமாக எறியுங்கள். போர்வை பின்னோக்கி விலகி முட்டையை மெல்ல நிறுத்தும், முட்டை உடையாது.

ஆக, சாமான் கட்டுவது என்பது பொருளைச் சுற்றி மூடுவது அன்று. அது மெல்ல நிற்பதற்கு இடம் ஏற்படுத்திக் கொடுப்பதே ஆகும். மற்ற விதிகள் யாவும் இதிலிருந்து பிறப்பவையே.

மெத்தென்று இருந்தால் போதுமா?

போதாது. கனமான மாவரைக்கும் இயந்திரத்தை மெல்லிய பஞ்சின் மேல் வைத்தால் பஞ்சு முன்பே அடிவரை நசுங்கிவிடும். பிறகு அடிபடும்போது அமுங்க இடமேது? மாறாக, கண்ணாடிக் குவளையைக் கெட்டியான மரத்தூள் மூட்டையில் திணித்தால் அது அமுங்கவே மறுக்கும். கனத்த பொருளுக்குக் கெட்டியான மெத்தை, இலேசான பொருளுக்கு மென்மையான மெத்தை என்பதே முறை. கனத்தவற்றுக்கு மடித்த போர்வை, ஜமக்காளம். இலேசானவற்றுக்குக் கசக்கிய காகிதம்.

காகிதத்தை ஏன் கசக்கவேண்டும்? மடிக்காமல் அடுக்கிய காகிதம் பலகை போன்றது. கசக்கிய காகிதத்தில் எண்ணற்ற மடிப்புகளும் அவற்றிடையே காற்றும் உள்ளன. மடிப்புகள் நசுங்கும்போது மோதலின் ஆற்றலை வாங்கிக்கொள்கின்றன. மாட்டுவண்டியில் பானை ஏற்றிச் சென்ற குயவர் வைக்கோல் பரப்பியதும், மாம்பழக் கூடையில் வைக்கோல் இடுவதும் இதே தத்துவத்தில்தான். இன்று பரவலாகப் பயன்படும் காற்றுக்குமிழ் பிளாஸ்டிக் தாளும் அவ்வாறே. 1957-இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் ஆல்ஃபிரட் ஃபீல்டிங், மார்க் சாவன் என்ற இருவர் சுவரில் ஒட்டும் அலங்காரத் தாள் செய்ய முயன்றபோது பிறந்தது அது!

இடைவெளி என்னும் எதிரி

மதுரையிலிருந்து சென்னைக்கு லாரியில் 450 கிலோமீட்டருக்கு மேல் பயணம். வழி நெடுக அதிர்வு ஓயாது. பெட்டிக்குள் இடைவெளி இருந்தால், பெட்டி நின்றாலும் உள்ளிருக்கும் பொருள் நிலைமத்தின் காரணமாகத் தொடர்ந்து நகர்ந்து மோதும். ஒரு பெரிய மோதலுக்குத் தப்பிய குவளை, ஆயிரம் சிறு மோதல்களுக்குத் தப்பாமல் போகலாம்.

கண்ணாடிக்கு இது குறிப்பாக ஆபத்து. எவர்சில்வர் பாத்திரம் அடிபட்டால் நெளிகிறது. ஏனெனில் உலோகத்தில் அணு அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி இடம் கொடுக்கின்றன. கண்ணாடியில் அது இயலாது. கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய கீறலின் நுனியில் விசை முழுதும் குவிந்து, கீறல் பிளவாக ஓடுகிறது என்று ஆங்கிலப் பொறியியலாளர் கிரிஃபித் 1921-இல் விளக்கினார். குவளையோடு குவளை உரசும்போது புதிய கீறல்கள் உண்டாகின்றன. எனவே ஒவ்வொன்றையும் தனித்தனியே சுற்றுங்கள்.

பெட்டியை மூடிய பின் மெல்ல அசைத்துப் பாருங்கள். உள்ளே ஓசை கேட்டால் திறந்து, இன்னும் காகிதம் திணியுங்கள். அதிர்வில் காகிதமும் வைக்கோலும் படிந்துவிடும். ஆகவே மூடி இலேசாக அழுத்தும் அளவுக்கு நிரப்புவது நல்லது.

தட்டுகளைப் படுக்கவைக்காதீர்கள்

பன்னிரண்டு தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கவைத்தால் பெட்டி அதிரும் ஒவ்வொரு முறையும் மற்ற பதினொன்றின் பளுவும் அடித்தட்டின் மேல் இறங்குகிறது. அது வளைய முயன்று விரிசல் காண்கிறது. விளிம்பில் நிற்குமாறு வரிசையாக வைத்தால் ஒவ்வொரு தட்டும் தன் பளுவை மட்டுமே தாங்கும். படுத்த நிலையில் எளிதில் வளையும் தட்டு, நின்ற நிலையில் உறுதியாக இருக்கும். ஒரு காகித அட்டையை இரு விதமாகவும் அழுத்திப் பார்த்தால் இது விளங்கும். தட்டையான தொலைக்காட்சிப் பெட்டி, முகம் பார்க்கும் கண்ணாடி ஆகியவற்றையும் நிறுத்தியே கொண்டுசெல்லவேண்டும்.

அட்டைப்பெட்டியின் வலிமை

அட்டைப்பெட்டியின் ஓரத்தை உற்றுநோக்குங்கள். இரு தாள்களுக்கு நடுவே அலை அலையாக நெளிந்த ஒரு தாள் தெரியும். இத்தகைய நெளிதாளைப் புட்டிகளையும் விளக்குக் கண்ணாடிகளையும் சுற்றப் பயன்படுத்தலாம் என்று 1871-இல் நியூயார்க்கின் ஆல்பர்ட் ஜோன்ஸ் காப்புரிமை பெற்றார். பெட்டியில் நெளிவுகள் சிறு தூண்களைப் போல் செங்குத்தாக நின்று பளுவைத் தாங்குகின்றன. நான்கு மூலைகளே மிக வலிமையானவை. எனவே பெட்டிகளைச் செங்கல் சுவர்போல் மாற்றி மாற்றி அடுக்காமல், மூலைக்கு மேல் மூலை வருமாறு அடுக்குங்கள். ஈரம் பட்டால் இந்த வலிமை வெகுவாகக் குறைந்துவிடும். மழைக்காலத்தில் தார்ப்பாய் அவசியம்.

புத்தகங்களுக்குச் சிறிய பெட்டியே ஏற்றது. 30 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரம், 40 செ.மீ. நீளமுள்ள பெட்டியில் புத்தகம் நிரப்பினால் எடை 25 கிலோ அளவுக்கு வந்துவிடும். அடி பிய்ந்து போவதோடு, தூக்குபவரின் முதுகுக்கும் ஆபத்து.

லாரியில் ஏற்றும்போது

ஆட்டுக்கல், அம்மி, பீரோ போன்றவை அடியில் இருக்கட்டும். ஈர்ப்பு மையம் தாழ்ந்திருந்தால் வளைவுகளில் சரக்கு சாயாது. பின்சக்கரங்களுக்குப் பின்னால் நீண்டிருக்கும் பகுதியே அதிகம் துள்ளும். உடையும் பொருள்களை அங்கே வைக்காமல் முன்புறம் வையுங்கள். திடீரென்று பிரேக் போட்டால் சாமான்கள் முன்னோக்கிப் பாயும் என்பதால், முன்சுவரை ஒட்டி நெருக்கமாக அடுக்கிக் கயிற்றால் கட்டவேண்டும்.

குளிர்சாதனப் பெட்டியைப் படுக்கவைத்தால் அமுக்கியில் உள்ள எண்ணெய் குழாய்களுக்குள் ஓடிவிடும். நிமிர்த்தியே கொண்டுசெல்லுங்கள்; படுக்கவைக்க நேர்ந்துவிட்டால், நிமிர்த்தியபின் பல மணி நேரம் கழித்தே மின்சாரம் கொடுங்கள். மண்ணெண்ணெய், ஆசிட், பட்டாசு போன்றவற்றை வீட்டுச் சாமான்களோடு ஏற்றவே கூடாது.

இறுதியாக ஒன்று. பெட்டி எவ்வளவு உயரத்திலிருந்து விழும் என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அதைத் தூக்கும் மனிதரே. மிக இலேசான பெட்டியை வீசிப் போடத் தோன்றும். மிகக் கனத்தது கை நழுவும். உள்ளே இருப்பது என்னவென்று அவருக்குத் தெரியாது. ஆகவே ‘கண்ணாடி – மெதுவாக’ என்று பெட்டியின் நான்கு பக்கங்களிலும் பெரிய எழுத்தில் எழுதி, மேற்பக்கம் எது என்று அம்புக்குறியும் இடுங்கள். உள்ளே நீங்கள் திணித்த காகிதம் நிற்கும் தூரத்தைக் கூட்டும். வெளியே எழுதிய இரண்டு சொற்கள் விழும் உயரத்தைக் குறைக்கும்.