ஊசி ஓய்ந்த வேளையில் ஒரு நீலப் பூ

தை மாதத்து விடியற்காலையில் புல்லின்மேல் உறைபனி வெண்மையாகப் படிந்து கிடக்கும் செண்டுவாரை, சிட்டுவாரை போன்ற மூணாற்று எஸ்டேட்டுகளில், கம்பளி நூலையும் இரண்டு ஊசிகளையும் எடுத்துக்கொண்டு ஸ்வெட்டர் பின்ன உட்காருகிறவர்களுக்கு, தொடக்கத்திலும் முடிவிலும் இல்லாத ஒரு சோர்வு வேலையின் நடுப்பகுதியில் வந்து கவிவது உண்டு. கீழ்விளிம்பு போடுகிறபோது கண்ணிகளைக் கவனமாக எண்ண வேண்டும். கழுத்து வளைவு வருகிறபோது எந்த இடத்தில் எத்தனை குறைப்பது என்று யோசிக்க வேண்டும். இவ்விரண்டுக்கும் இடையே முதுகுப்பகுதி என்று ஒன்று இருக்கிறதே, அதுதான் சித்திரவதை. ஒரே கண்ணி, ஒரே அகலம், ஒரே வர்ணம் என்று வரிசைமேல் வரிசையாக அது நீண்டுகொண்டே போகும்போது, கைக்கு வேலையிருந்தும் புத்திக்கு வேலையில்லாமல் போய்விடுவதால், ஊசிகள் மெல்ல மடியில் இறங்கிவிடுகின்றன; கண்கள் முற்றத்துப் பூச்செடிகளின் பக்கம் திரும்பிவிடுகின்றன.

இப்படித் திரும்பும் கண்ணை அதட்டி மறுபடி நூலோடு கட்டிப்போடுவதே சிரத்தை என்று பெரியவர்கள் சொல்வார்கள். மனித சுபாவத்தைப் பரிசோதனைச்சாலையில் வைத்து ஆராய்ந்தவர்களின் அபிப்பிராயமோ அவ்வளவு கண்டிப்பானதாக இல்லை. இரண்டாம் உலக யுத்தத்தில், விமானத்திலிருந்து ராடார் திரையைப் பார்த்து நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடும் பணியில் அமர்ந்தவர்கள், நேரம் ஆக ஆகக் கண்முன் தோன்றிய குறிகளையே தவறவிட்டது ஏன் என்ற வினாவைப் பின்பற்றிச் சென்ற கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சியாளர் நார்மன் மாக்வொர்த், கடிகாரம் போன்ற ஒரு முகப்பில் படிப்படியாக நகரும் முள் எப்போதாவது ஒருமுறை இரண்டு படி தாவுவதைக் கண்டு சொல்லும்படி பலரை உட்காரவைத்துப் பார்த்து, அரைமணி நேரத்துக்குள்ளேயே அவர்களுடைய கவனம் கணிசமாகத் தேய்ந்துவிடுவதை 1948-இல் வெளியிட்டார். சோம்பலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை; ஒரே விஷயத்தை இடைவிடாமல் நோக்கும் எந்த மனத்துக்கும் நேரக்கூடிய தேய்மானம் இது. அதன்பின் 2011-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் அட்சுனோரி அரிகா, அலெஹாந்த்ரோ யெராஸ் என்னும் இருவர் 84 பேரை இதே போன்ற சலிப்பூட்டும் வேலையில் ஈடுபடுத்தியபோது, நடுவே இரண்டே முறை வேறொரு அற்ப காரியத்தில் மனத்தைத் திருப்பிவிட்டு மீண்டவர்களிடம் மட்டும் அந்தத் தேய்மானம் காணப்படவில்லை. அற்ப காரியங்களுக்கும் ஒரு பிரயோஜனம் உண்டென்று சாஸ்திரம் ஒப்புக்கொண்ட சந்தர்ப்பங்களில் இதுவும் ஒன்று.

பூவுக்கு இதில் தனி ஸ்தானம் உண்டா? மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராச்சல் காப்லான், ஸ்டீபன் காப்லான் தம்பதியர் 1989-இல் எழுதிய நூலில், செடி கொடி மேகம் முதலியவை பிரயத்தனம் எதையும் கேளாமலே பார்வையை நிறுத்திவைக்கின்றன என்றும், அப்போது முயன்று செலுத்தும் கவனம் இளைப்பாறி வலுப்பெறுகிறது என்றும் வாதித்தார்கள். 2015-இல் மெல்பர்ன் பல்கலைக்கழகத்தில் கேட் லீயும் அவருடைய சகாக்களும் 150 மாணவர்களுக்குச் சலிப்பான வேலையொன்றைக் கொடுத்து, இடையில் 40 விநாடி மட்டும் சிலருக்கு வெறுங் கான்கிரீட் மாடியையும் சிலருக்குப் பூத்த புல்வெளி போர்த்திய மாடியையும் படமாகக் காட்டியபோது, பூவைப் பார்த்தவர்களே பிறகு பிழை குறைவாகச் செய்தார்கள். நாற்பது விநாடியை வைத்துக்கொண்டு வாழ்க்கைத் தத்துவம் எழுப்புவது மிகையே. எனினும், கையிலுள்ள செல்பேசியின் சின்னத் திரை கவனத்தைப் பறித்துக்கொள்கிறது, வாசலிலுள்ள பூச்செடி அதை விட்டுக்கொடுக்கிறது என்ற வித்தியாசத்தை உணர ஆராய்ச்சிக் கட்டுரை எதுவும் வேண்டியதில்லை.

மூணாற்றுப் பூ என்றதுமே, பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை இரவிகுளத்து மலைச்சரிவுகளை நீலமாக்கும் குறிஞ்சியைப் பற்றித்தான் பேசப்போகிறேன் என்று வாசகர்கள் எதிர்பார்த்திருக்கலாம். 2018-இல் பூத்த அந்தப் பூவுக்கு வேண்டிய மட்டும் எழுத்தாளர்கள் இருக்கிறார்கள். தொழிலாளர் குடியிருப்பான லயத்து வாசல்களில் பழைய டின்களிலும் பாத்திகளிலும் வளரும் டேலியா, காஸ்மாஸ், கோழிக்கொண்டை, ஹைட்ரேஞ்சியா ஆகியவற்றுக்கு அத்தகைய பாக்கியம் வாய்க்கவில்லை. டேலியாவும் காஸ்மாஸும் மெக்ஸிகோவைச் சேர்ந்தவை. ஹைட்ரேஞ்சியா ஜப்பான் தேசத்தது. கண்ணன் தேவன் மலைகளில் 1880-ஐ ஒட்டி ஷார்ப் என்பவர் முதல் தேயிலையை நட்டதற்குப் பின்னர் எழுந்த துரைமார் பங்களாக்களின் தோட்டங்களை அலங்கரித்த இத்தகைய அந்நியச் செடிகள், எளிதில் பிழைத்துக்கொள்ளும் குணத்தினால் இன்று எல்லோருடைய வாசலுக்கும் உரியவையாகிவிட்டன.

இவற்றில் கோழிக்கொண்டை, பின்னுகிறவர் கண்ணுக்குச் சற்று விபரீதமான பூ. ஒவ்வொரு வரிசையிலும் கண்ணிகளைக் கூட்டிக்கொண்டே போனால், விளிம்பின் நீளம் துணிக்குள்ள இடத்தை மீறிவிடுவதால் அது தட்டையாகக் கிடக்க மாட்டாமல் அலையலையாக மடங்கும் என்பது ஃபிரில் வைக்கத் தெரிந்த யாவரும் அறிந்தது. கோழிக்கொண்டைச் செடியிலும் நடப்பது அதுவே: மற்றச் செடிகளில் ஒரு புள்ளியாக இருக்கும் வளர்நுனி இதில் ஒரு கோடாக நீண்டுவிடுகிறது, அந்தக் கோடு அடித்தண்டைக் காட்டிலும் விரைவாக வளர்ந்து, இடம் போதாமல் மடிந்து மடிந்து கொண்டையாகிறது. இந்த மடிப்புக்குக் கணிதத்திலும் ஓர் உறவு உண்டு. லொபாசெவ்ஸ்கி, பொல்யாய் முதலிய பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கணித மேதைகள் காகிதத்தில் கணக்காக மட்டும் கண்ட ஒரு விநோத வெளி உண்டு. ஒரு கோட்டுக்குப் புறத்தேயுள்ள புள்ளி வழியாக அதைத் தொடாத கோடுகள் எத்தனையோ செல்லக்கூடிய வெளி அது. அதைக் கையால் தொட்டுப் பார்க்கும்படி 1997-இல் குரோஷே ஊசியினால் பின்னிக் காட்டியவர் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கணிதம் கற்பித்த டைனா டைமினா. அவர் செய்ததும் கண்ணிகளை ஒரு விகிதப்படி கூட்டிக்கொண்டே போனதுதான். அவருடைய பின்னல் பார்வைக்குக் கோழிக்கொண்டையாகவே இருந்தது.

ஹைட்ரேஞ்சியாவின் கதை இதைவிடச் சுவாரசியமானது. இந்த மலைக்கென்றே எழுதப்பட்டது போலவும் இருக்கும். பந்து பந்தாக நாம் பூவென்று நினைப்பதன் பெரும்பகுதி உண்மையில் அகன்று வர்ணம் பெற்ற புல்லிதழ்களே. அவற்றின் வர்ணத்துக்குக் காரணம் ஆந்தோசயனின் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு நிறமி. ரோஜாவின் சிவப்புக்கும் வேறொரு பூவின் நீலத்துக்கும் ஒரே நிறமி ஆதாரமாக இருக்கக்கூடும் என்பதை, தாவர வர்ணங்களுக்காக 1915-இல் நோபல் பரிசு பெற்ற ஜெர்மானிய ரசாயன அறிஞர் ரிச்சர்ட் வில்ஷ்டேட்டர் கண்டறிந்து, உயிரணுச் சாற்றின் அமிலத்தன்மையே இந்த வேறுபாட்டைச் செய்கிறது என்று கருதினார். சங்குப்பூ ஊறிய நீலத் தண்ணீரில் எலுமிச்சம்பழம் பிழிந்து ஊதாவாக்கி வேடிக்கை பார்க்கும் குழந்தைகள், அறியாமலே வில்ஷ்டேட்டரின் கட்சியைச் சேர்ந்தவர்கள். ஆனால் ஹைட்ரேஞ்சியா இந்த விதிக்கு நேர் விரோதமாக நடந்துகொள்கிறது: புளிப்பு மண்ணில் நீலமாகவும், சுண்ணாம்பு மண்ணில் இளஞ்சிவப்பாகவும் பூக்கிறது.

இந்த முரண்பாட்டை விடுவித்தவர்களில் ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குமி யோஷிதாவும் அவருடைய சகாக்களும் முக்கியமானவர்கள். நீலப் புல்லிதழின் வர்ண உயிரணுக்களையும் சிவப்புப் புல்லிதழின் வர்ண உயிரணுக்களையும் தனித்தனியே பிரித்து அளந்தபோது, நிறமி இரண்டிலும் ஒன்றாகவே இருந்தது. சாறும் இரண்டிலும் புளிப்பாகவே இருந்தது. புளிப்பு ஏற ஏற இறங்கும் பிஎச் அளவு நீலத்தில் சுமார் 4.1, சிவப்பில் சுமார் 3.3. சிறிதளவு அமிலம் குறைந்திருப்பதும் நீலத்துக்குத் துணைதான் என்றாலும், மெய்யான காரணகர்த்தா அலுமினியம். நிறமியும், காப்பிக்கொட்டையில் மிகுதியாக உள்ள குளோரோஜெனிக் அமிலத்தின் இனத்தைச் சேர்ந்த இன்னொரு பொருளும், அலுமினிய அயனியைச் சுற்றிக் கைகோத்து நிற்கும்போதுதான் நீலம் தோன்றுகிறது. அலுமினியம் போதாவிட்டால் அதே நிறமி இளஞ்சிவப்பாகவே நின்றுவிடுகிறது.

அலுமினியம் இல்லாத மண் எங்கே இருக்கிறது என்று கேட்கலாம். பூமியின் மேலோட்டில் எடைப்படி சுமார் 8 சதவீதம் அதுவே. உலோகங்களில் அதற்கு மிஞ்சியது வேறில்லை. ஆயினும் சாதாரண மண்ணில் அது களிமண் துகள்களிலும் கரையாத சேர்மங்களிலும் சிறைப்பட்டுக் கிடக்கிறது. மண்ணின் பிஎச் அளவு 5.5-க்குக் கீழே இறங்கும்போதுதான் அது கரைந்து வேருக்கு எட்டுகிறது. அப்படி எட்டுவது பெரும்பாலான பயிர்களுக்கு நஞ்சு. வேர்நுனிகள் குட்டையாகி வளர்ச்சி நின்றுவிடும். ஹைட்ரேஞ்சியாவோ அதைச் சிட்ரிக் அமிலத்தோடு பிணைத்துச் சாதுவாக்கி இலைகளில் சேர்த்துவைத்துக்கொள்கிறது.

தேயிலைக்கு ஏற்ற மண்ணின் பிஎச் அளவு 4.5 முதல் 5.5 வரை. ஆகவே தேயிலை செழிக்கும் மலையில் ஹைட்ரேஞ்சியா நீலமாகப் பூப்பதில் அதிசயம் இல்லை. ஒன்றுக்கு இசைந்த புளிப்பே மற்றொன்றுக்குச் சாயமிடுகிறது. தேயிலைச் செடியும் அலுமினியத்தைக் கண்டு அஞ்சாத இனம் என்பதோடு, அதைச் சிறிதளவு கொடுத்தால் வேர்கள் இன்னும் நன்றாக வளர்வதாகவும் கண்டிருக்கிறார்கள். முதிர்ந்த இலைகளில் உலர்ந்த எடையில் 3 சதவீதம் வரைகூட அலுமினியம் சேர்வதுண்டு. பறிக்கப்படும் கொழுந்தில் அதில் மிகச் சொற்பமே இருக்கும், நாம் பருகும் தேநீரில் இறங்குவது அதனினும் சொற்பம், அதிலும் பெரும்பகுதி உடம்பில் சேராமலே வெளியேறிவிடும் என்பதால், தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட வேண்டிய அவசியம் இல்லை.

ஒரே செடியின் கொம்பு, லயத்துப் பாத்தியில் நீலமாகவும், புதிதாகச் சிமெண்டு பூசிய சுவரோரத்தில் இளஞ்சிவப்பாகவும் பூப்பதைப் பார்த்து, கண்ணேறு பட்டுவிட்டது என்று வருந்துகிறவர்கள் இருக்கக்கூடும். சிமெண்டிலிருந்து கசியும் சுண்ணாம்பு மண்ணின் புளிப்பை முறித்து அலுமினியத்தை மறுபடி சிறைப்படுத்திவிட்டது என்பதே அதன் பொருள். இதனையே பெரிய அளவில் காண விரும்பினால், இடுக்கியின் மலையை விட்டுப் பாலக்காட்டின் கிழக்குக் கோடிக்கு இறங்க வேண்டும். தமிழ் பேசும் மக்கள் நிறைந்த சித்தூர் தாலுகாவின் கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதிப் பிரதேசங்களில், கேரளத்தின் மற்றப் பாகங்களில் காணக் கிடைக்காத கரிசல் மண் இருக்கிறது. சுண்ணாம்புச் சத்து கலந்து, புளிப்பின்றிக் காரத்தன்மை வாய்ந்தது. அந்த வெயிலில் ஹைட்ரேஞ்சியாவைப் பிழைக்கவைப்பது கடினமே. நிழலில், தொட்டியில், அந்த மண்ணிலேயே யாராவது வளர்த்துப் பூக்கவைத்தாலும் அது நீலமாக இராது. ஒரு மாநிலத்தின் இரண்டு எல்லைப் பிரதேசங்கள், ஒரு செடியின் மூலம் தத்தம் மண்ணின் ரசாயனத்தை இவ்வளவு பகிரங்கமாக அறிவித்துக்கொள்ளக்கூடும்.

பூவைப் பார்க்கப் போன கண் நூலுக்குத் திரும்புகிற வழியும் இந்த அலுமினியத்தின் மூலமே கிடைக்கிறது. நாவிதர் கன்னத்தில் தேய்க்கும் படிகாரம், பொட்டாசியமும் அலுமினியமும் சேர்ந்த சல்பேட் உப்பு. சாயவேரினால் துணிக்குச் செந்நிறம் ஏற்றிய சோழமண்டலக் கரைச் சாயக்காரர்கள் முதல், இன்று மூணாற்றில் எஸ்டேட் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த மாற்றுத்திறனாளிகள் இலை, பட்டை, பூக்களிலிருந்து சாயமெடுத்துத் துணிக்கு வர்ணமேற்றும் ‘அரண்யா நேச்சுரல்’ வரையில், தாவரச் சாயத்தில் கைவைத்தவர் எவருக்கும், நிறத்தை நூலில் ஊன்றச் செய்ய ஏதேனும் ஓர் உலோக உப்பின் உதவி தேவைப்படுவதுண்டு. அவற்றுள் படிகாரம் மிகப் புராதனமானது. கம்பளி ரோமம் ஒரு புரதம். அதிலுள்ள அமிலப் பகுதிகள் படிகாரத்தின் அலுமினியத்தைப் பற்றிக்கொள்கின்றன. அந்த அலுமினியம் மறுபக்கத்தில் செண்டுமல்லியின் மஞ்சள் நிறமியைப் பற்றிக்கொள்கிறது. புல்லிதழின் உயிரணுவுக்குள் நீலத்தை உண்டாக்கிய அதே பிணைப்பு வித்தை, கொதிக்கும் அண்டாவில் மஞ்சளை ஊன்றவைக்கிறது. ஒரே நிறத்தில் முதுகுப்பகுதி பின்னிப் பின்னி அலுத்தவர்களுக்கு, வெள்ளைக் கம்பளி நூற்கண்டு ஒன்றைப் படிகார நீரில் ஊறவைத்து, ஓணம் முடிந்து வாடிய செண்டுமல்லியோடு மெல்லிய சூட்டில் வேகவைத்துப் பார்ப்பதைக் காட்டிலும் இன்பமான வெட்டிவேலை வேறு இருப்பதாகத் தோன்றவில்லை. சூடு திடீரென்று ஏறினாலும் இறங்கினாலும் கம்பளி சுருங்கிக் கட்டிதட்டிவிடும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

படிகாரம் மிஞ்சியிருந்தால் அதை நீரில் கரைத்து இளஞ்சிவப்பு ஹைட்ரேஞ்சியாவின் வேருக்கும் கொஞ்சம் விடலாம். அதிகமானால் வேர் வெந்துபோகும். கூடவே மணிச்சத்து உரம் போட்டால் அது அலுமினியத்தைப் பிடித்து மண்ணிலேயே நிறுத்திக்கொள்ளும். விரிந்துவிட்ட பூ மாறாது, அடுத்த பருவத்து மொட்டுகளில்தான் பலன் தெரியும். வெள்ளை ஹைட்ரேஞ்சியா வைத்திருப்பவர்கள் இந்தப் பிரயாசையில் இறங்கிப் படிகாரத்தை வீணாக்க வேண்டாம். நீலமாவதற்கு வேண்டிய நிறமியே அதில் கிடையாது.