புக்கிட் பெராப்பிட் ஏறிய பெட்ஃபோர்டு

பாரிட் புந்தாரில் மட்டும் லோரி ஓட்டிப் பழகியவரை அந்தக் காலத்தில் முழு டிரைவர் என்று ஒப்புக்கொள்ள முடியாது. கிரியான் மாவட்டம் அப்படியொரு சமதரை. புக்கிட் மேராவில் தேக்கிய தண்ணீர் வாய்க்கால்களில் தானாகவே வந்து வயல்களை நிறைக்கிறது. 1906-இல் முடிந்த அந்த நீர்ப்பாசனத் திட்டத்துக்கு நிலத்தின் மட்டமே பாதி வேலையைச் செய்து கொடுத்துவிட்டது. நெல் மூட்டை ஏற்றிய லோரி கடைசி கியரில் விழுந்தால் பாகான் செராய் வரை இடது கைக்கு வேலையில்லை. சோதனை தெற்கே இருந்தது. விரைவு நெடுஞ்சாலை வருவதற்கு முன் ஈப்போவுக்கு ஒன்றாம் எண் கூட்டரசுச் சாலைதான் வழி. தைப்பிங்கைத் தாண்டி, புக்கிட் கந்தாங்கைக் கடந்ததும் சாலை வளைந்து வளைந்து புக்கிட் பெராப்பிட் மேட்டில் ஏறும். லோரியின் பலமும் டிரைவரின் கைவரிசையும் அங்கேதான் வெளிப்படும்.

அந்த மேட்டில் முனகிக்கொண்டு ஏறியவற்றில் பிரிட்டிஷ் லோரிகள் ஏராளம்: பெட்ஃபோர்டு, ஆஸ்டின், காமர், மோரிஸ், அல்பியன், லேலண்ட். தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு லோரி என்றால் கித்தா பால் ஏற்றுகிற வண்டி என்பதோடு முடியாது. சம்பளம் போட்ட மறுநாள் டவுனுக்குப் போனது அதில்தான். பந்து விளையாடப் பக்கத்துத் தோட்டத்துக்கும், தைப்பூசத்துக்குக் காவடியோடு பினாங்குத் தண்ணீர்மலைக்கும் போனதும் அதில்தான். முன்னால் டிரைவர், பக்கத்தில் கெலிண்டான், பின்னால் பலகையைப் பிடித்துக்கொண்டு ஊரே நிற்கும். இந்த நினைவுகளைச் சொல்ல இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் இங்கே பேச நினைப்பது அந்த டிரைவரின் இடது காலைப் பற்றி. அந்தக் கால் செய்த வேலையை இன்று கியர்பெட்டிக்குள் இருக்கும் பித்தளை வளையங்கள் செய்கின்றன.

கியர்பெட்டிக்குள் நடப்பது இதுதான். எஞ்சினோடு சேர்ந்து சுழலும் பற்சக்கரம் ஒன்று. சக்கரங்களோடு சேர்ந்து சுழலும் பற்சக்கரம் இன்னொன்று. கியர் மாற்றுவதென்றால் சுழன்றுகொண்டிருக்கும் இரண்டின் பற்களையும் ஒன்றுக்குள் ஒன்று நுழைக்க வேண்டும். வேகம் சமமாக இருந்தால் வழுக்கிக்கொண்டு விழும். இல்லாவிட்டால் பல்லும் பல்லும் அரைத்துக்கொண்டு, கேட்டவர் முகம் சுளிக்கும்படி ஒரு சத்தம் வரும். இப்போதைய வண்டிகளில் உராய்ந்து வேகத்தைச் சமன்செய்ய ஒரு கூம்பு வளையம் உண்டு. சின்க்ரோமெஷ் என்று பெயர். 1928-இல் அமெரிக்கக் காடிலாக் காரில் முதலில் வந்தது. கனரக லோரிகளுக்கு அது முழுமையாக வந்துசேர வெகுகாலம் ஆயிற்று. அதுவரை சமன்செய்யும் பொறுப்பு டிரைவருடையது.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். மூன்றாவது கியரின் விகிதம் 1.7, இரண்டாவதன் விகிதம் 3.4 என்று வைத்துக்கொள்வோம். மேட்டில் லோரி திணறுகிறது. எஞ்சின் நிமிடத்துக்கு 1,000 சுற்று. அதே வேகத்தில் இரண்டாவது கியருக்கு இறங்கினால் எஞ்சின் பக்கத்துப் பற்சக்கரம் 2,000 சுற்றில் இருக்க வேண்டும். டிரைவர் என்ன செய்வார்? கிளட்ச்சை மிதித்து மூன்றாவதிலிருந்து நியூட்ரலுக்கு இழுப்பார். உடனே கிளட்ச்சை விட்டுவிடுவார். இப்போது எஞ்சினும் அந்தப் பற்சக்கரமும் ஒன்றாகச் சுழல்கின்றன. வலது காலால் எண்ணெயை ஓர் உதை. சுற்று 2,000-க்கு எகிறுகிறது. மறுபடி கிளட்ச், மறுபடி கம்பு, இரண்டாவது கியர். இதைத்தான் டபுள் கிளட்ச் என்றார்கள். எல்லாம் ஓரிரு விநாடிக்குள் முடிய வேண்டும், ஏனென்றால் அந்த இடைவெளியில் லோரி மேட்டில் வேகம் இழந்துகொண்டே இருக்கிறது. இலக்கும் கூடவே இறங்குகிறது. 2,000 என்று குறிவைத்தவர் தாமதித்தால் அது 1,800 ஆகியிருக்கும். சுற்றைக் காட்டும் முள் அந்த லோரிகளில் பெரும்பாலும் கிடையாது. காதுதான் மீட்டர்.

தவறினால் கியர் விழாது. லோரி நிற்கும், பிறகு பின்னால் உருளும். "டேய், கட்டையைப் போடுடா!" என்ற குரல் முடிவதற்குள் கெலிண்டான் குதித்துப் பின்சக்கரத்தடியில் ஆப்புக்கட்டையைத் திணித்திருக்க வேண்டும். கெலிண்டான் வேலை மூட்டை இறக்குவது மட்டும் என்று நினைத்தவர்கள் புக்கிட் பெராப்பிட் பக்கம் வந்ததில்லை.

ஏறுவதைவிட இறங்குவது ஆபத்து. 8 டன் எடையுள்ள லோரி 100 மீட்டர் உயரம் இறங்கினால் ஏறக்குறைய 78 இலட்சம் ஜூல் ஆற்றல் எங்காவது போயாக வேண்டும். சுமார் 25 லிட்டர் தண்ணீரை நம் ஊர் வெயிலின் சூட்டிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோக அது போதும். அத்தனை வெப்பத்தையும் பிரேக் டிரம்மின் தலையில் கட்டினால் பட்டை கருகிப் பிடிமானம் போய்விடும். அதனால்தான், ஏறிய கியரிலேயே இறங்கு என்று பழகியவர்கள் சொன்னார்கள். தாழ்ந்த கியரில் எஞ்சினே பிரேக்காகி, வெப்பத்தில் ஒரு பங்கைப் புகைக்குழாய் வழியாகவும் ரேடியேட்டர் வழியாகவும் வெளியே தள்ளும்.

இந்த லோரிகளில் நம் பக்கத்து நினைவில் அதிகம் தங்கியது பெட்ஃபோர்டு. இங்கிலாந்தின் லூட்டன் நகரில் வாக்ஸ்ஹால் கம்பெனி 1931-இல் தொடங்கிய பெயர் அது. வாக்ஸ்ஹால் அப்போதே அமெரிக்க ஜெனரல் மோட்டார்ஸின் சொத்து. ஆக, அசல் ஆங்கிலேயன் என்று நாம் நினைத்த வண்டிக்கு முதலாளி அமெரிக்கன். இரண்டாம் உலகப்போரின்போது பெட்ஃபோர்டு ஆலை 2,50,000-க்கும் மேற்பட்ட இராணுவ வண்டிகளைச் செய்தது. நாலு சக்கரமும் இழுக்கும் கியூஎல் வகை மட்டும் ஏறக்குறைய 52,000. கிளாஸ்கோவின் அல்பியனுக்கு ரேடியேட்டர் நெற்றியில் உதயசூரியன். லேலண்ட்காரர்களோ லோரிகளுக்கு விலங்குப் பெயர் வைத்தார்கள்: பீவர், ஹிப்போ, எட்டுச் சக்கர வண்டிக்கு ஆக்டோபஸ். கணக்கில் கெட்டிக்காரர்கள்.

கப்பலில் வந்தது பல வேளைகளில் முழு லோரி அல்ல. சட்டகம், எஞ்சின், சக்கரம், முன்மூஞ்சி, அவ்வளவுதான். பின்பெட்டியையும் சில நேரம் டிரைவர் அறையையும் உள்ளூர்த் தச்சர்கள், பெரும்பாலும் சீனர்கள், மரத்தால் கட்டினார்கள். ஒரே ஆலையில் பிறந்த இரண்டு பெட்ஃபோர்டுகள் இரண்டு ஊரில் இரண்டு முகத்தோடு ஓடியதற்கு இதுவே காரணம். பழைய வண்டிகளைப் பாதுகாக்க நினைப்பவர்களுக்கு இது பெரிய தலைவலி. இரும்புச் சட்டகம் அறுபது ஆண்டு தாங்கும். நம் மழைக்கும் கரையானுக்கும் மரப்பெட்டி அவ்வளவு காலம் தாங்காது. நம் ஊர்க்காரர்களின் கைவேலை எதுவோ அதுதான் முதலில் மறைகிறது.

எஞ்சினும் அப்படியே நிலைக்கவில்லை. பழைய பெட்ஃபோர்டுகளில் இருந்தது 3.5 லிட்டர், ஆறு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின். பெட்ரோல் எஞ்சின் காற்றை ஏறக்குறைய ஆறில் ஒரு பங்காக அமுக்கும். டீசல் பதினாறில் ஒரு பங்குக்கு அமுக்கும். அப்படி அமுக்கியதும் காற்று 500 டிகிரிக்கு மேல் சூடேறுகிறது. அதில் எண்ணெயைப் பீச்சினால் பொறியே இல்லாமல் பற்றிக்கொள்ளும். காயில், பிளக், டிஸ்ட்ரிபியூட்டர் எதுவும் வேண்டாம். ஈரம் பட்டால் நின்றுபோகும் சாமான்கள் அத்தனையும் ஒரே வீச்சில் ஒழிந்தன. பீட்டர்பரோவிலிருந்து பெர்கின்ஸ் கம்பெனி 1937-இல் கொண்டுவந்த பி6 டீசல், பெட்ரோல் எஞ்சினைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் மாட்டும்படி உலகம் முழுக்கப் போனது. பெட்ஃபோர்டு சொந்த டீசல் செய்ததே 1957-இல்தான்.

வியப்பு என்று பார்த்தால் காமரின் டிஎஸ்3-க்குத்தான் முதல் இடம் தருவேன். 1954-இல் காமரின் உரிமையாளரான ரூட்ஸ் கம்பெனி வெளியிட்டது. மூன்று சிலிண்டர், ஆறு பிஸ்டன். ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் இரண்டு பிஸ்டன்கள் எதிரெதிராக வந்து, நடுவில் காற்றை நசுக்கி, வெடித்ததும் விலகி ஓடும். சிலிண்டர் மூடி இல்லை, வால்வு இல்லை. பிஸ்டன்கள் கடந்துபோகும்போது சுவரிலுள்ள துளைகள் திறந்து மூடும். வெறும் 3.26 லிட்டரில் 105 குதிரைத்திறன். அந்தக் காலத்துக்கு அது அடாவடி. ரூட்ஸ் கிறைஸ்லர் கைக்குப் போனதும் அடுத்த தலைமுறை எஞ்சின் கைவிடப்பட்டது. பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் அதன் உறுமலைக் கேட்பதற்கென்றே கூடுகிறவர்கள் உண்டு.

போர் முடிந்ததும் மலாயாவில் தேவைக்கு மிஞ்சிய இராணுவ லோரிகளுக்கு ஒரு விசித்திரமான மறுபிறப்பு கிடைத்தது. காட்டு மரம் வெட்டுகிறவர்கள் அவற்றின் சட்டகத்தை வெட்டி ஒட்டி, வின்ச் பொருத்தி, அடிமரத்தை இழுத்து முதுகில் ஏற்றிக்கொள்ளும் வண்டியாக்கினார்கள். சீனத்தில் சான் தாய் வோங். மலாயில் லோரி ஹந்து, பேய் லோரி. பெரும்பாலும் கதவே இருக்காது. சரிவில் வண்டி புரண்டால் டிரைவர் குதிக்க வேண்டுமே. சேற்றில் வேகம் உதவாது. எல்லாச் சக்கரமும் மெதுவாக, விடாமல் இழுக்க வேண்டும், இராணுவ லோரி அதற்கென்றே செய்யப்பட்டது. பிரிட்டனிலும் பீரங்கி இழுக்கச் செய்த ஏஇசி மாட்டடோர் லோரிகள் போருக்குப் பின் காட்டில் மரம் இழுத்தன. ஆனால் அங்கே அவை அருங்காட்சியகத்துக்குப் போனபோது இங்கே பேய் லோரிகள் இன்னும் மரம் இழுத்துக்கொண்டிருந்தன. எஞ்சின், கியர்பெட்டி, அச்சு எல்லாம் பல முறை மாறிய அந்த வண்டியைப் பழைய லோரி என்று சொல்லலாமா என்பது ஆர்வலர்கள் ஓயாமல் சண்டை போடும் விஷயம். என்னைக் கேட்டால், அருங்காட்சியகத்தில் பளபளக்கும் மாட்டடோரைவிட அதற்குத்தான் வரலாறு அதிகம்.

எழுபதுகளில் ஈசுசு, ஹீனோ, நிசான், ஃபூசோ வந்தன. விலை குறைவு, உதிரி உடனே கிடைக்கும், கியர் கெஞ்சாமல் விழும். பிரிட்டிஷ் லோரிகள் ஒவ்வொன்றாகப் பழைய இரும்புக் கடைக்குப் போயின. இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஈசுசுவின் முன்னோர் லோரி செய்யக் கற்றதே பிரிட்டிஷ் வோல்ஸ்லியிடம் உரிமம் வாங்கித்தான். அவர்களுடைய வோல்ஸ்லி லோரி 1924-இல் வந்தது. குருவைச் சிஷ்யன் சாலையை விட்டே இறக்கிவிட்டான். லேலண்டின் கதை இன்னொரு விதம். சென்னையில் 1948-இல் ஆஸ்டின் கார்களைப் பூட்டத் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், 1955-இல் அசோக் லேலண்ட் ஆனது. லங்காஷயரின் லேலண்ட் ஊரிலுள்ள ஆலை இப்போது டாஃப் என்ற பெயரில் லோரி செய்கிறது. லேலண்ட் என்ற எழுத்தோடு புது லோரி வேண்டுமென்றால் தமிழ்நாட்டுக்காரர்களிடம்தான் கேட்க வேண்டும்.

பழைய லோரிகளைப் பாதுகாப்பதைப் பிரிட்டிஷார் சீக்கிரமே தொடங்கிவிட்டார்கள். 1958-இல் பழைய வர்த்தக வாகனங்களுக்கென ஒரு சங்கம். 1962 முதல் லண்டனிலிருந்து பிரைட்டனுக்கு அவற்றின் ஊர்வலம். 1983-இல் லேலண்ட் ஊரிலேயே ஓர் அருங்காட்சியகம். பாகிஸ்தானில் வேறு வழி: ராக்கெட் என்று செல்லப்பெயர் வைத்து, கூரைக்கு மேல் மகுடம் கட்டி, உடம்பெல்லாம் மயிலும் ரோஜாவும் எழுதி, பெட்ஃபோர்டை இன்னமும் சுமை தூக்க வைக்கிறார்கள். பேராக்கும் பிரிட்டிஷ் இயந்திரத்தைப் பாதுகாக்கத் தெரியாத மாநிலம் அல்ல. 1938-இல் செய்யப்பட்டு 1982 வரை உழைத்த 4,500 டன் ஈயக்கப்பல் பத்து காஜாவுக்குத் தெற்கே தஞ்சோங் துவாலாங்கில் நிற்கிறது. டிக்கெட் வாங்கிப் பார்க்கலாம். கப்பல் பெரியது, நகர்த்த முடியாது, அதனால் தப்பியது. லோரி சிறியது, தானே உருண்டு இரும்புக் கடைக்குப் போய்விடும்.

கிரியான் பக்கம் செம்பனைக்கு நடுவிலோ பழைய ஆலைக்குப் பின்னாலோ இப்படியொரு சட்டகம் புல்லில் கிடந்தால் முதலில் தேட வேண்டியது இரும்பில் குத்திய சட்டக எண்ணை. எஞ்சின் மாறியிருக்கும், பெட்டி மக்கியிருக்கும். வண்டி யாரென்று சொல்வது அந்த எண்தான். லேலண்ட் குடும்பத்து வண்டியென்றால் லேலண்ட் ஊர் அருங்காட்சியகத்தின் ஆவணக் காப்பகத்தில் தயாரிப்புப் பதிவேடுகள் இருக்கின்றன. எண்ணை வைத்துத் தேடிப் பார்க்கலாம். துருவைக் கம்பித் தூரிகையால் சுரண்ட வேண்டாம், எண்ணும் கூடவே போய்விடும். எண்ணெய் தடவி ஒரு நாள் ஊறவிட்டு, துணியால் துடைத்து, மேலே வெள்ளைச் சாக்கட்டியைப் படுக்கவைத்துத் தேய்த்தால் போதும், பள்ளமாக இருக்கும் எழுத்துகள் தனியாகத் தெரியும்.