நெருக்கடி வேளையில் இருதயமும் ஹிஸ்டமினும்

தோழியரே, சளி பிடித்தால் டாக்டர் கொடுக்கும் சிறு மாத்திரையை விழுங்கிவிட்டு வகுப்பில் தூங்கி வழியாதவர் நம்மில் யார்? அந்த மாத்திரை நம் உடலில் எதிர்த்து நிற்கும் பொருளின் பெயர் ஹிஸ்டமின். தும்மல், மூக்கொழுகல், பூச்சி கடித்த இடத்தில் எழும் தடிப்பு, அரிப்பு ஆகியவற்றுக்கெல்லாம் அதுவே முக்கியக் காரணம். அதே ஹிஸ்டமின் நம் இருதயத்திலும் சேமித்து வைக்கப்பட்டிருக்கிறது என்று எங்கள் சிஸ்டர் ஒரு நாள் உயிரியல் வகுப்பில் சொன்னார்கள். மூக்கில் இவ்வளவு தொல்லை தரும் பொருளுக்கு இருதயத்தில் என்ன வேலை இருக்க முடியும்? அதைத் தேடிப் படித்ததில் தெரிந்துகொண்டவற்றை இங்கே எழுதுகிறேன்.

1910-ஆம் ஆண்டில் ஹென்றி டேல், லெய்ட்லா என்னும் இரு பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் ஹிஸ்டமினை விலங்குகளின் உடலில் செலுத்தி ஆராய்ந்தனர். மூச்சுக் குழல்கள் சுருங்கின. இரத்த அழுத்தம் வீழ்ந்தது. 1927-ல் டேலும் உடன் உழைத்தவர்களும் புதிய ஈரலிலிருந்தும் நுரையீரலிலிருந்தும் அதைப் பிரித்தெடுத்து, அது உடலிலேயே இயல்பாக உள்ள பொருள் என்று நிலைநாட்டினர். 'ஹிஸ்டோஸ்' என்றால் கிரேக்க மொழியில் திசு. அதைச் சேமித்து வைப்பவை 'மாஸ்ட்' செல்கள். 1878-ல் பால் எர்லிக் என்ற ஜெர்மானிய மருத்துவ மாணவர் சூட்டிய பெயர் அது. உள்ளே மணிமணியாக நிறைந்திருப்பதைக் கண்டு, நன்றாகத் தின்று கொழுத்த செல்கள் என்று அவர் எண்ணிவிட்டார்! அம்மணிகளில் இருப்பவற்றுள் ஹிஸ்டமின் ஒன்று என்பது எழுபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின், 1953-ல்தான் தெளிவாயிற்று. இருதயத் தசைகளுக்கிடையிலும் இரத்தக் குழாய்களை ஒட்டியும் இந்தச் செல்கள் இருக்கின்றன.

இனி, 'ஏற்பி' என்றால் என்ன என்று சொல்ல வேண்டும். நம் பள்ளியில் மாலை நாலரை மணிக்கு ஒரே ஒரு மணிதான் அடிக்கிறது. அதைக் கேட்டதும் நாம் பையைத் தூக்குகிறோம். காவலர் தாத்தா வாயிற்கதவைத் திறக்கிறார். விடுதிச் சமையலறையில் தேநீருக்கு உலை வைக்கிறார்கள். மணி ஒன்றே, கேட்கும் செவிகள் வெவ்வேறு. செல்லின் மேற்புறத்தில் உள்ள ஏற்பிகளும் இத்தகைய செவிகளே. இவை புரதங்களால் ஆனவை. ஹிஸ்டமின் வந்து ஒட்டியவுடன் செல்லுக்கு உள்ளே செய்தி போகிறது. என்ன செய்தி என்பதை முடிவு செய்வது எந்த ஏற்பி என்பதுதான்.

ஹிஸ்டமினுக்கு நான்கு வகை ஏற்பிகள் கண்டறியப்பட்டுள்ளன. அவற்றில் எச்-1 இருதயத்தின் இரத்தக் குழாய்களைத் திடீரென இறுக்கிச் சுருக்கவல்லது. மேலறையிலிருந்து கீழறைக்குச் செல்லும் மின் செய்தியையும் தாமதப்படுத்துகிறது. எச்-2 இருதயத்தை வேகமாகவும் பலமாகவும் துடிக்கச் செய்கிறது. இந்த எச்-2 கண்டுபிடிக்கப்பட்ட விதம் சுவையானது. பழைய ஒவ்வாமை மருந்துகள் தும்மலை அடக்கினவே தவிர, ஹிஸ்டமின் இரைப்பையில் அமிலம் சுரக்கச் செய்வதையும் இருதயத்தை விரைவாகத் துடிக்கச் செய்வதையும் அவற்றால் தடுக்க முடியவில்லை. அப்படியானால் வேறொரு ஏற்பி இருந்தாக வேண்டும் என்று ஜேம்ஸ் பிளாக் என்னும் விஞ்ஞானி பல ஆண்டுகள் தேடி, 1972-ல் அதை மெய்ப்பித்தார். கினிப்பன்றியின் இருதய மேலறைத் துடிப்பும் அவர் கையாண்ட சோதனைகளுள் ஒன்று. அதன் பயனாக 1976-ல் சிமெடிடின் என்ற குடல் புண் மருந்து இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்தது. 1988-ல் நோபல் பரிசு பெற்ற மூவரில் அவரும் ஒருவர்.

என்னை மிகவும் கவர்ந்தது எச்-3தான். 1983-ல் பிரெஞ்சு விஞ்ஞானிகள் இதை முதலில் மூளையில் கண்டனர். பின்னர் 1990-களில், நியூயார்க்கில் ரொபெர்ட்டோ லெவி என்பவரின் குழுவினர் மனித இருதயத்திலும் இது இருப்பதைக் காட்டினர். இது இருதயத் தசையை விட்டு, அங்கு வந்து முடியும் பரிவு நரம்புகளின் நுனியில் அமர்ந்திருக்கிறது.

நாம் பயந்தாலும் ஓடினாலும் அந்த நரம்பு நுனிகள் நார்அட்ரினலின் என்ற பொருளை அளவாக வெளியிட்டு இருதயத்தை முடுக்குகின்றன. வேலை முடிந்ததும் பெரும்பகுதியைத் தாமே திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். இது சாதாரண நெருக்கடி. மாரடைப்பின்போது நிலைமை வேறு. இரத்தம் வராததால் பிராணவாயு இல்லை. நரம்பு நுனியில் அமிலமும் சோடியமும் பெருகுகின்றன. அப்போது உறிஞ்ச வேண்டிய பம்பு எதிர்த் திசையில் ஓடத் தொடங்குகிறது! நார்அட்ரினலின் வெள்ளமாகக் கொட்டுகிறது. ஏற்கெனவே மூச்சுத் திணறும் இருதயத்தை அது மேலும் விரட்ட, துடிப்பு தாறுமாறாகி உயிரே போகலாம். அந்த வேளையில் அருகிலுள்ள மாஸ்ட் செல்கள் விடும் ஹிஸ்டமின் நரம்பு நுனியில் உள்ள எச்-3-ஐத் தொட்டு, அந்த வெள்ளத்தைக் குறைக்கிறது. எச்-3 இல்லாமல் வளர்க்கப்பட்ட சுண்டெலிகளின் இருதயத்தில் இரத்த ஓட்டத்தை நிறுத்தியபோது, மற்ற எலிகளைவிட மிக அதிகமாக நார்அட்ரினலின் வெளிப்பட்டது என்று 2003-ல் அதே குழுவினர் வெளியிட்டனர்.

ஆகவே ஹிஸ்டமின் இருதயத்துக்கு நண்பன் என்று உடனே சொல்லிவிடலாமா? சொல்ல முடியாது. எச்-1 செய்யும் கேட்டை எங்கள் குடும்பத்திலேயே கண்டோம். சென்ற கோடையில் புளியமரத்தடியில் என் பெரியப்பாவைக் கதண்டுகள் கொட்டிவிட்டன. எல்லோரும் கொட்டிய இடத்தில் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருக்க, அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வியர்த்துக் கொட்டினார். பெரியம்மா மட்டும், "கை வீங்கினதுக்கு நெஞ்சு ஏன் வலிக்கணும்? வண்டியைக் கூப்பிடு" என்று பிடிவாதமாக நின்றார்கள். ஆஸ்பத்திரியில் இ.சி.ஜி. எடுத்துப் பார்த்ததும் டாக்டர் அப்படியே சேர்த்துக்கொண்டார். ஒவ்வாமையால் இருதய இரத்தக் குழாய்கள் இறுகி வரும் இந்த நோயை 1991-ல் கிரேக்க மருத்துவர் கௌனிஸ் என்பவர் விளக்கியுள்ளார். பெரியப்பா பிழைத்து வந்தார். பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டுகிறேன்: பூச்சி கொட்டியபின் நெஞ்சு வலியோ, மூச்சுத் திணறலோ, மயக்கமோ வந்தால் அரிப்பு மாத்திரை கொடுத்துக் காத்திருப்பது தவறு. கடும் ஒவ்வாமைக்கு முதல் மருந்து அட்ரினலின் ஊசி. அதைப் போட ஆஸ்பத்திரிக்கே போக வேண்டும்.

மாத்திரைகளைப் பற்றியும் ஒன்று. டெர்ஃபெனடின் என்ற ஒவ்வாமை மருந்து தூக்கம் வராது என்று பெயர் பெற்றிருந்தது. அது சிலருக்கு இருதயத் துடிப்பைக் குலைத்ததால் 1998-ல் அமெரிக்காவில் சந்தையிலிருந்து எடுக்கப்பட்டது. பாவம், இதில் ஹிஸ்டமின் ஏற்பிக்குப் பங்கில்லை. இருதயச் செல்லின் பொட்டாசிய வழியை அம்மருந்து அடைத்துவிட்டது.

எச்-2-ஐத் தடுக்கும் ஃபாமோடிடின் என்ற இரைப்பை மருந்து, தளர்ந்த இருதயத்துக்கு இதம் தரக்கூடும் என்று 2006-ல் ஜப்பானிய மருத்துவர்கள் எழுதினர். எச்-3-ஐத் தூண்டி மாரடைப்பு நோயாளிகளைக் காக்கும் மருந்தோ இன்னும் வரவில்லை. அதே ஏற்பி மூளையில் நம் விழிப்பையும் ஆளுகிறது. எச்-3-ஐத் தடுக்கும் மருந்து ஒன்று, பகலில் அடக்கமுடியாமல் தூங்கிவிழும் நோய்க்கு ஐரோப்பாவில் 2016 முதல் அனுமதிக்கப்பட்டிருக்கிறது. இருதயத்துக்காக அதைத் தூண்டப் போனால் மூளை உறங்கிவிடலாம். மூளைக்குள் புகாமல் இருதய நரம்பை மட்டும் தொடும் மருந்து வேண்டும்.