உஷார்! கூடார முகாமில் பூட்டில்லாத இலவச வைஃபை

பள்ளி விடுமுறை வந்தால் ஜொகூரின் ஆற்றோரங்களிலும் மலையடிவாரங்களிலும் கூடாரங்கள் முளைத்துவிடும். கோத்தா திங்கி அருவிப் பக்கம், குனோங் லேடாங் அடிவாரம், குளுவாங், மெர்சிங் கடற்கரை என்று குடும்பம் குடும்பமாகக் கிளம்புகிறார்கள். பழத்தோட்டத்தின் ஒரு பகுதியைச் சமப்படுத்தி, கழிவறை கட்டி, தண்ணீர்க் குழாய் போட்டு முகாம் நடத்தும் சிறு முதலாளிகளும் இருக்கிறார்கள். 'இலவச வைஃபை உண்டு' என்ற வரி இவர்களுடைய விளம்பரங்களில் சேரத் தொடங்கியிருக்கிறது.

அந்த வரியை எழுதப்போகும் முதலாளியும், அதைப் பார்த்து இடம் பதியப்போகும் குடும்பமும் கொஞ்சம் நில்லுங்கள். பாஸ்வேர்ட் இல்லாமல், யார் வந்தாலும் சேரலாம் என்று விட்டுவைத்த வைஃபை இரண்டு பேரையும் சிக்கலில் மாட்டிவிடும். முதலாளியை வழக்கில் இழுத்துவிடும், விருந்தினரின் வங்கிக் கணக்குவரை திருடனுக்கு வழிகாட்டிவிடும்.

ஏன் இப்போது?

காட்டுக்குள் போனால் 'லைன்' கிடைக்காது என்பதுதான் நேற்றுவரை நம் அனுபவம். 2020இல் தொடங்கிய ஜென்டெலா திட்டம் நாடெங்கும் 4ஜி சேவையை விரிவாக்கியது உண்மை. ஆனால் அதன் இலக்கு மக்கள் குடியிருக்கும் பகுதிகள். காடும் மலையும் அந்தக் கணக்கில் வருவதில்லை.

2023 ஜூலையில் செயற்கைக்கோள்வழி இணையம் தரும் ஸ்டார்லிங்க் நிறுவனத்துக்கு மலேசியாவில் உரிமம் கிடைத்ததும் நிலைமை மாறியது. அறிமுகமானபோது மாதக் கட்டணம் 220 ரிங்கிட். வானம் தெரியும்படி ஒரு தட்டை வைத்தால் போதும், கோபுரமே இல்லாத இடத்திலும் இணையம் வந்துவிடும். சின்ன முகாமுக்குக்கூடக் கட்டுப்படியாகிற செலவு இது. தட்டைப் பொருத்துகிறவர்கள் பாதுகாப்பையும் பொருத்துகிறார்களா என்பதுதான் என் கவலை. ஒரே ரவுட்டர், அதே இணைப்பில் கண்காணிப்புக் கேமரா, பதிவு செய்யும் கணினி, கட்டணம் வாங்கும் கைப்பேசி, கூடவே முன்பின் தெரியாத ஐம்பது விருந்தினர்கள். இப்படி ஓர் இணைப்பு உங்கள் முகாமில் இருந்தால் இன்றே மாற்றுங்கள்.

முதலாளிகளே, சட்டம் உங்களைத்தான் முதலில் பார்க்கும்

1950ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தில் 114ஏ என்றொரு பிரிவு உண்டு. 2012 ஜூலை 31ஆம் தேதி நடப்புக்கு வந்தது. ஓர் இணைய இணைப்பிலிருந்து எது வெளியிடப்பட்டாலும், அந்த இணைப்பு யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவரே அதை வெளியிட்டதாகச் சட்டம் அனுமானித்துக்கொள்ளும். 'நான் இல்லை' என்று நிரூபிக்கும் சுமை அவர் தலையில் விழுகிறது.

இந்தப் பிரிவை எதிர்த்து அதே ஆண்டு ஆகஸ்ட் 14ஆம் தேதி மலேசிய இணையத்தளங்கள் பல கறுப்புத் திரை போட்டன. பிரிவு நீக்கப்படவில்லை.

இதை உங்கள் முகாமில் வைத்துப் பாருங்கள். சனிக்கிழமை இரவு. பாஸ்வேர்ட் இல்லாத வைஃபை. இனத்தையோ மதத்தையோ இழிவுபடுத்தி யாரோ ஒருவன் உங்கள் இணைப்பிலிருந்து பதிவு போடுகிறான். அவன் விருந்தினனாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. வேலிக்கு வெளியே காரை நிறுத்தி உட்கார்ந்திருப்பவனுக்கும் அலை எட்டும். மறுநாள் அவன் போய்விடுவான். விசாரணை வரும்போது சந்தாதாரர் பட்டியலில் இருப்பது உங்கள் பெயர். அன்றிரவு யார் யார் இணைப்பில் இருந்தார்கள் என்று கேட்டால் காட்ட உங்களிடம் ஒரு தாள்கூட இருக்காது.

தண்டனையும் முன்புபோல் இல்லை. 1998ஆம் ஆண்டுத் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233ஆவது பிரிவு ஆபாசமான, பொய்யான, மிரட்டலான, கடுமையாகப் புண்படுத்தும் பதிவுகளைக் குற்றமாக்குகிறது. 2025 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த திருத்தம் அதற்கான அபராத உச்சவரம்பை 50,000 ரிங்கிட்டிலிருந்து 500,000 ரிங்கிட்டுக்கு உயர்த்தியது. சிறைத்தண்டனையின் உச்சவரம்பு இரண்டு ஆண்டானது. குற்றம் செய்தவர் நீங்கள் இல்லை என்பது கடைசியில் தெளிவாகிவிடலாம். அதுவரை வழக்கறிஞர் செலவும், கைப்பற்றப்பட்ட கணினியும், கெட்டுப்போன பெயரும் உங்களுடையவை.

இது மலேசியாவுக்கு மட்டும் வந்த சிக்கல் இல்லை. ஜெர்மனியில் ஒரு கடைக்காரர் வாடிக்கையாளர்களுக்காகத் திறந்த வைஃபை வைத்தார். யாரோ அதன்வழியே காப்புரிமையுள்ள பாட்டை இணையத்தில் ஏற்றிவிட, சோனி மியூசிக் நிறுவனத்துடன் அவர் வழக்காட வேண்டியதாயிற்று. ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தீர்ப்புச் சொன்னது: கடைக்காரர் இழப்பீடு கொடுக்க வேண்டியதில்லை, ஆனால் பாஸ்வேர்ட் போட்டு, பயன்படுத்துவோரின் அடையாளத்தைப் பதிவு செய்யும்படி அவருக்கு உத்தரவிடலாம். அங்கே நீதிமன்றம்வரை போய்த் தெரிந்துகொண்ட பாடத்தை நாம் இங்கே ஒரு தாளும் பேனாவும் வைத்தே கடைப்பிடிக்கலாம்.

விருந்தினர்களே, பெயரை நம்பி இணையாதீர்கள்

'திறந்த வைஃபையில் நாம் தட்டுவதையெல்லாம் பக்கத்தில் இருப்பவன் படித்துவிடுவான்' என்று முன்பு எச்சரிப்பார்கள். 2010இல் ஃபயர்ஷீப் என்ற சிறு மென்பொருள் அதை யாரும் செய்யலாம் என்று காட்டியது. இப்போது பெரும்பாலான தளங்களும் வங்கிச் செயலிகளும் தகவலை மறையாக்கம் செய்தே அனுப்புவதால் அந்த வழி பெருமளவு அடைபட்டுவிட்டது. திருடன் வேறு வழி பிடித்துவிட்டான். இப்போது போலி வைஃபையைத் தானே வைத்து உங்களை அழைக்கிறான்.

ஆஸ்திரேலியாவில் 2024இல் ஒருவர்மீது கூட்டரசுக் காவல்துறை குற்றம் சாட்டியது. விமான நிலையத்திலும் உள்நாட்டு விமானத்திலும் உள்ள இலவச வைஃபையின் பெயரையே தன் கையடக்கக் கருவிக்கும் வைத்திருக்கிறார். இணைந்த பயணிகளுக்கு ஓர் உள்நுழைவுப் பக்கம் வரும். மின்னஞ்சல் அல்லது சமூக ஊடகக் கணக்கின் பாஸ்வேர்டைக் கேட்கும். கொடுத்தவர்களின் விவரங்கள் நேராக அவரிடம் போயின. விமானத்தில் சந்தேகமான இணைப்பு ஒன்றை ஊழியர்கள் கவனித்துச் சொன்னதால் பிடிபட்டார். 2025இல் ஏழாண்டுக்கும் மேற்பட்ட சிறைத்தண்டனை கிடைத்தது.

விமான நிலையத்தில் நடந்தது ஆற்றோரத்தில் நடக்காதா? பையில் அடங்கும் கருவி அது. கூடாரத்துக்குள் இருந்தால் யார் கண்ணிலும் படாது. முகாமில் இருப்பவர்களுக்கோ அவசரம் அதிகம். சிங்கப்பூரிலிருந்து பாலம் தாண்டி வருகிறவர்கள் ரோமிங் செலவை மிச்சப்படுத்த வைஃபை தேடுகிறார்கள். குழந்தைகள் விளையாட்டுக்காகக் கேட்கிறார்கள். முகாமின் பெயரில் ஏதாவது தெரிந்தால் உடனே தட்டிவிடுகிறோம்.

வீடு திரும்பினாலும் ஆபத்து முடிவதில்லை. பாஸ்வேர்ட் இல்லாத இணைப்பின் பெயரைக் கைப்பேசி நினைவில் வைத்துக்கொள்ளும். அதே பெயரில் வேறெங்காவது யாராவது திறந்த வைஃபை வைத்தால், உங்களைக் கேட்காமலேயே அது போய் ஒட்டிக்கொள்ளலாம்.

இன்னொரு பொறியும் இருக்கிறது. 'இணையத்துக்கு முன் இந்தச் செயலியைப் பதிவிறக்குங்கள்' என்று பக்கம் வந்தால் அந்த நிமிடமே துண்டித்துவிடுங்கள். வைஃபையில் சேர எந்தச் செயலியும் தேவையில்லை. ஏபிகே எனும் செயலிக் கோப்பை நிறுவவைத்துக் கைப்பேசிக்குள் புகுந்து வங்கிப் பணத்தைச் சுருட்டும் மோசடி மலேசியாவில் எத்தனையோ குடும்பங்களை அழவைத்திருக்கிறது. குறுஞ்செய்தியில் வரும் ஒருமுறைக் கடவு எண்ணைக் கைவிடும்படி பேங்க் நெகாரா 2022இலேயே வங்கிகளுக்குச் சொன்னதன் பின்னணியும் இத்தகைய மோசடிகள்தான்.

'ஆபத்து நேரத்தில் வைஃபை உதவுமே?'

இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. 2022 டிசம்பர் 16ஆம் தேதி அதிகாலை சிலாங்கூர், பத்தாங் காலி முகாமின்மேல் மண் சரிந்தபோது 31 பேர் இறந்தார்கள். அவர்களில் குழந்தைகளும் உண்டு. அந்த இடத்தில் முகாம் நடத்த உரிமமே இல்லை என்று அதிகாரிகள் பிறகு சொன்னார்கள். ஜொகூரிலும் 2001 டிசம்பரில் குனோங் பூலாய்ச் சரிவில் இறங்கிய சேற்று வெள்ளம் ஐந்து உயிர்களைக் கொண்டுபோனது. மேலே பெய்யும் மழை கீழே தெரியாமல், கெபாலா ஆயர் என்று நாம் அஞ்சும் திடீர் வெள்ளமாக வந்து ஆற்றோரக் கூடாரங்களை அடித்துப்போகும்.

அதனாலேயே சொல்கிறேன்: முகாம் அலுவலகத்தில் இணையம் இருந்தே ஆக வேண்டும். வானிலைத் துறையான மெட் மலேசியா தொடர்மழைக்கு வாஸ்பாடா, புருக், பஹாயா என்று மூன்று படிகளில் எச்சரிக்கை விடுக்கிறது. அதைப் பார்க்கும் பொறுப்பு முதலாளியுடையது. இரவில் ஒருவர் விழித்திருக்க வேண்டும், சங்கு ஒலிக்க வேண்டும், கூடாரம் கூடாரமாகப் போய் எழுப்ப வேண்டும். தூங்குகிறவர் தலைமாட்டில் கிடக்கும் கைப்பேசிக்கு வைஃபை வந்தால் அவர் எழுந்துவிட மாட்டார். வாட்ஸ்அப்பிலிருந்து 999ஐ அழைக்கவும் முடியாது. 'வைஃபை இருக்கிறதே, பாதுகாப்புத்தான்' என்ற நினைப்பு இரண்டு பக்கமும் வந்துவிட்டால் அது உயிருக்கே உலை.

முகாம் நடத்துகிறவர்கள் செய்ய வேண்டியவை

- அலுவலகம், கேமரா, கட்டணக் கருவி ஆகியவற்றுக்கு ஓர் இணைப்பு. விருந்தினர்களுக்கு முற்றிலும் தனி இணைப்பு. பெரும்பாலான ரவுட்டர்களில் இந்த வசதி இருக்கிறது.
- விருந்தினர்களின் கருவிகள் ஒன்றையொன்று பார்க்க முடியாதபடி பிரித்துவைக்கும் அமைப்பை இயக்குங்கள். பாஸ்வேர்ட் மட்டும் போதாது, அது எல்லா விருந்தினருக்கும் தெரியும்.
- ரவுட்டரோடு வந்த நிர்வாகி பாஸ்வேர்டை முதல் நாளே மாற்றுங்கள்.
- பாஸ்வேர்ட் போட்ட டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 இணைப்பு மட்டுமே கொடுங்கள். வார இறுதிக்கு ஒரு பாஸ்வேர்ட் என்று மாற்றுங்கள்.
- இணைப்பின் சரியான பெயரையும் பாஸ்வேர்டையும் முகப்பில் நீங்களே கையில் கொடுங்கள். யாருக்கு, எந்தத் தேதியில் கொடுத்தீர்கள் என்று குறித்துவையுங்கள்.
- தேவைக்குமேல் விவரம் வாங்காதீர்கள். அடையாள அட்டையைப் படம் பிடித்து வைத்திருந்தால் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உங்களையும் கட்டுப்படுத்தும். 2024 திருத்தத்தின்படி அபராதம் 10 லட்சம் ரிங்கிட்வரை போகலாம்.

விருந்தினர்கள் செய்ய வேண்டியவை

- இணைப்பின் பெயரை முகப்பில் கேட்டு உறுதிசெய்த பிறகே சேருங்கள். பூட்டுக் குறி இல்லாத இணைப்பை ஒதுக்குங்கள்.
- வங்கி, இ-வாலட், அலுவலக மின்னஞ்சல் எதுவும் முகாம் வைஃபையில் வேண்டாம். சொந்த டேட்டா கிடைக்கும் இடத்துக்கு வந்து செய்யுங்கள்.
- கூகுள், ஃபேஸ்புக் பாஸ்வேர்டைக் கேட்கும் வைஃபை பக்கத்தில் ஒரு எழுத்துக்கூடத் தட்டாதீர்கள்.
- தானாகச் சேரும் வசதியை அணைத்துவையுங்கள். கிளம்பும்போது அந்த இணைப்பைக் கைப்பேசியிலிருந்து அழித்துவிடுங்கள்.
- பணம் போனது தெரிந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் உங்கள் வங்கியையும் தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் 997 எண்ணையும் அழையுங்கள். வங்கிச் செயலியில் கணக்கை முடக்கும் பொத்தான் எங்கே இருக்கிறது என்பதை வீட்டிலேயே பார்த்துவையுங்கள்.

முகாம்களில் இலவச வைஃபை கொடுக்கலாமா என்று கேட்டால், பூட்டிக் கொடுக்கலாம் என்பதே என் பதில். பூட்டத் தெரியவில்லை, நேரமில்லை, ஆளில்லை என்றால் கொடுக்கவே கொடுக்காதீர்கள். விளம்பரத்திலிருந்து அந்த வரியை எடுத்துவிடுங்கள். வைஃபை இல்லை என்று இரண்டு குடும்பங்கள் வேறு முகாமுக்குப் போனால் அந்த நட்டத்தை அடுத்த வாரமே சரிக்கட்டலாம். திறந்துவிட்ட இணைப்பால் ஒரு குடும்பம் சேமிப்பை இழந்தால், ஒரு முதலாளி நீதிமன்றப் படியேறினால், அதை எந்த விடுமுறை வருமானமும் ஈடுகட்டாது. அடுத்த விருந்தினர் வருவதற்கு முன் ரவுட்டரைத் திறந்து பாருங்கள். பாஸ்வேர்ட் இல்லையென்றால் இப்போதே அணையுங்கள்.