மூடிகளால் நெய்த உலோகத் துணி

மது பாட்டிலின் திருகு மூடியைப் பிரித்தால் மூன்று உருப்படிகள் கிடைக்கும். உச்சியில் ஒரு வட்டத் தகடு. பக்கத்தை வெட்டித் தட்டினால் ஒரு பட்டை. திறக்கும்போது பாட்டில் கழுத்திலேயே தங்கிவிடும் ஒரு வளையம். எல்லாம் மெல்லிய அலுமினியம். துருப்பிடிக்காது, விரலாலேயே மடிக்கலாம், முறுக்கலாம், கசக்கலாம். ஓரங்களில் துளையிட்டுச் செப்புக் கம்பியால் ஒன்றோடொன்று கட்டிக்கொண்டே போனால், சுவரளவு உலோகம் பட்டுப்போல மடிந்து தொங்கும்.

இந்த உத்தியைக் கண்டவர் சிற்பி எல் அனட்சுயி. கானாவின் அன்யாகோ என்ற ஊரில் 1944-ல் பிறந்தவர். கானாவின் குமாசி நகரில் அவர் கற்றது மேற்கத்தியச் சிற்பமுறை. படிப்பு முடிந்ததும் அவர் கை போனது, சந்தையில் பண்டம் பரப்பும் மரத்தட்டுகள் பக்கம். பழுக்கக் காய்ச்சிய இரும்பால் அவற்றில் கோலங்களைச் சுட்டார். 1975-ல் நைஜீரியாவின் நசுக்கா பல்கலைக்கழகத்துக்கு ஆசிரியராக வந்தபின் உடைந்த பானைகள், பிறகு சங்கிலி ரம்பத்தால் கீறிய மரப்பலகைகள். எது அக்கம்பக்கத்தில் கிடைத்ததோ அதுதான் அவருடைய பொருள். அவர் சளைக்காமல் இயங்கியதற்கு இதுவே முதற்காரணம் என்பேன்: விலை உயர்ந்த வெண்கலத்துக்காகவோ சலவைக்கல்லுக்காகவோ அவர் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை.

தொண்ணூறுகளின் இறுதியில் நசுக்காவில் ஒரு பை நிறைய மூடிகள் அவர் கண்ணில் பட்டன. சில காலம் பட்டறையிலேயே கிடந்தன. மூடிக்கு ஒரு கனத்த வரலாறும் உண்டு. ஐரோப்பியர் மேற்கு ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுவந்த பண்டமாற்றுச் சரக்குகளில் மதுவும் ஒன்று. அடிமை வணிகத்திலும் அது கைமாறியது. அனட்சுயியின் தந்தை, கானாவில் பட்டை பட்டையாக நெய்யப்படும் கெண்டே துணியை நெய்தவர் என்பதால், மகனின் உலோக விரிப்புகளில் பலரும் தறியின் பட்டைகளைப் பார்க்கிறார்கள்.

வேலை இப்படி நடக்கும்: உதவியாளர்கள் மூடிகளைக் கட்டிச் சிறு தொகுதிகளாக்குவார்கள். அனட்சுயி அவற்றைத் தரையில் பரப்பி, இடம் மாற்றி, படமெடுத்துப் பார்த்து, மீண்டும் மாற்றுவார். முடிந்த விரிப்பைச் சுருட்டி மடித்துப் பெட்டியில் அனுப்பலாம். எப்படித் தொங்க வேண்டும் என்று அவர் கட்டளையிடுவதில்லை. காட்சிக்கு வைப்பவர்களே மடிப்புகளை அமைக்கலாம். ஒரே படைப்பு ஓர் ஊரில் தட்டையாகவும் இன்னோர் ஊரில் அலையலையாகவும் நிற்கும்.

வெனிஸ் பினாலே கலைக்காட்சியின் வாழ்நாள் சாதனைக்கான தங்கச் சிங்கம் 2015-ல் கிடைத்தபோது அவருக்கு 71 வயது. லண்டன் டேட் மாடர்ன் அருங்காட்சியகத்தின் பிரம்மாண்டமான டர்பைன் கூடத்தை 2023-ல் நிரப்பியதும் மூடிகள்தான். அங்கே முதலில் எதிர்ப்பட்டது, காற்றை வாங்கிப் புடைத்த ஒரு கப்பற்பாய்.