பனங்கொட்டையும் தேயிலைத் தண்டும்

யாழ்ப்பாணத்தில் பனையைக் கொட்டை போட்டுத்தான் வளர்க்கிறார்கள். ஒரே மரத்துக் கொட்டையென்றாலும் ஒரு பனைபோல் மற்றது இருக்காது. ஏன்?

பூவில் மகரந்தமும் சூலும் உண்டாகும்போது, தாய்வழி, தகப்பன்வழி நிறமூர்த்தங்கள் சோடி சேர்ந்து துண்டுகளை மாற்றிக்கொள்கின்றன. இதுவே குறுக்குப்பரிமாற்றம். தேயிலையில் 15 சோடி. ஒவ்வொரு சோடியிலும் சில இடங்களில்தான் மாற்றம் நடக்கும். என்றாலும் விதைக்கு விதை வேறுபடும்.

தவறணையில் தண்டு வெட்டி வளர்க்கும் வீ.பி. தேயிலையில் இந்தக் கலப்பு இல்லை. எல்லாம் தாய்ச்செடி மாதிரியே. கொழுந்து சீராக வரும். ஆனால் ஒரு செடியை வீழ்த்தும் நோய் மலை முழுவதையும் வீழ்த்தக்கூடும். ஆகவே பல இனங்களை நடுவதே பாதுகாப்பு.

பழைய விதைத் தேயிலையை நாம் இளப்பமாக எண்ணக்கூடாது. தலவாக்கலை ஆராய்ச்சி நிலையத்தின் நல்ல இனங்கள் பல அப்படிப்பட்ட செடிகளிலிருந்தே தெரிவு செய்யப்பட்டவை.